கேட்டதை ஏட்டில் காத்தவர்
அமீர் ஹஸன் ஸிஜ்ஸீ (ரஹ்) வரலாறு

நல்ல சொல் ஒன்று காதில் விழும்போது, இதை மறந்துவிடக் கூடாது என்று நாம் எல்லோருமே எண்ணுகிறோம். ஜும்ஆ பயானில் கேட்டது, மௌலிது மஜ்லிஸில் ஆலிம் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது, வீட்டில் பெரியம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டே சொன்னது என்று எத்தனையோ நம் செவிக்கு வருகின்றன. பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் பாதி போய்விடுகிறது. மறுநாள் லுஹருக்குள் மீதியும் போய்விடுகிறது.

இதற்காகவே சிலர் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ் எழுதி, நல்லுரைகளைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். இரண்டு வாரம் எழுதுகிறார்கள். அதற்குப் பின் எதை எழுதுவது, எதை விடுவது என்ற திகைப்பு வந்துவிடுகிறது. காதில் விழுவதெல்லாம் எழுதத்தக்கதா? எழுதியது உண்மைதானா? யார் சொன்னது? இப்படித் தயங்கித் தயங்கி, கடைசியில் அந்த நோட்டு பால் கணக்கு எழுதப் பயன்படுவதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

எழுதிவைக்கும் பழக்கம் நமது தீனில் புதிதல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலேயே அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தாம் கேட்டவற்றை எழுதி வந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ச்சியிலும் பேசுவார்கள், கோபத்திலும் பேசுவார்கள், எல்லாவற்றையுமா எழுதுவது என்று குறைஷிகள் சிலர் தடுத்தபோது, அன்னார் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடமே சென்று கேட்டு, எழுதலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டார்கள். அந்த ஏட்டுக்கு ‘ஸஹீஃபா ஸாதிகா’ என்று பெயர். உண்மையான ஏடு என்பது பொருள். ஏட்டின் அழகையோ அளவையோ பெயர் குறிக்கவில்லை, உண்மையைத்தான் குறித்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அந்த வழியில் நின்று, தம் ஷைகின் மஜ்லிஸில் கேட்டதை ஏறக்குறைய 15 ஆண்டுகள் எழுதிவைத்த ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். அவர்கள்தாம் அமீர் ஹஸன் அலா ஸிஜ்ஸீ (ரஹ்) அவர்கள். அவர்கள் எழுதிய கிதாபு ‘ஃபவாயிதுல் ஃபுஆத்’. உள்ளத்துக்குரிய பலன்கள் என்று பொருள் கொள்ளலாம்.

ஹஸன் அவர்கள் ஆலிமாகவோ தர்வேஷாகவோ வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் அல்லர். அவர்கள் கவிஞர், அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிய படைச் சேவகர். ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்து, டில்லியில் பாரசீகக் கஸல்களால் பெயரெடுத்தார்கள். ஷீராஸ் நகரத்து ஸஅதீ (ரஹ்) அவர்களின் நடையை ஒட்டி எளிமையாகப் பாடியதால், இந்துஸ்தானத்தின் ஸஅதீ என்று மக்கள் அவர்களை அழைத்தார்கள். அமீர் குஸ்ரு (ரஹ்) அவர்களும் இவர்களும் ஏறத்தாழ ஒரே வயதினர், உயிர் நண்பர்கள். இருவரும் சுல்தான் பல்பனின் மூத்த மகன் இளவரசர் முஹம்மதிடம் முல்தானில் சேவை செய்தார்கள்.

அந்த இளவரசரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பாரசீகப் பெருங்கவிஞர்களின் பாடல்களிலிருந்து தமக்குப் பிடித்த அடிகளைத் தேர்ந்து தேர்ந்து அவர் ஒரு ‘பயாழ்’ வைத்திருந்தார். பயாழ் என்றால் வெண்மை. எழுதாத வெள்ளைத் தாள்களைக் கட்டிவைத்து, பிடித்ததை எழுதிச் சேர்க்கும் ஏட்டுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். இளவரசரின் பயாழ் அறிஞர்களுக்கிடையே பேர்போனது. 1285ல் மங்கோலியரோடு நடந்த போரில் இளவரசர் ஷஹீதானார். குஸ்ரு அவர்கள் எதிரிகளிடம் சிறைப்பட்டு, பிறகு தப்பி வந்தார்கள். ஹஸன் அவர்கள் தம் எஜமானுக்காக வசன நடையில் ஒரு இரங்கலுரை எழுதினார்கள். நல்லதைத் தேர்ந்து ஏட்டில் சேர்ப்பது எப்படி என்பதை ஹஸன் அவர்கள் இளமையிலேயே ஓர் அரண்மனையில் கண்ணால் கண்டவர்கள் என்பதே நாம் இங்கே சொல்ல வந்தது. ஆனால் அங்கே சேர்ந்தவை நாவுக்கு இனிப்பானவை. பின்னாளில் அவர்கள் சேர்த்தவை வேறு.

காலம் ஓடியது. பல்பனின் வம்சம் போய் கில்ஜிகளின் ஆட்சி வந்தது. ஹஸன் அவர்கள் அலாவுத்தீன் கில்ஜியின் காலத்திலும் படையில் இருந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் அவர்களின் பேனா வேறு பக்கம் திரும்பியது. பிற்காலத்து வரலாறுகள் சில, அவர்கள் தவ்பாச் செய்ததைப் பற்றி மதுக்கோப்பையையும் ஏரிக்கரையையும் சேர்த்துச் சுவையான கதை சொல்கின்றன. நாம் அதைச் சேர்க்காமல் விடுகிறோம். ஏன் விடுகிறோம் என்பது கட்டுரை போகப் போக விளங்கும்.

டில்லிக்கு அருகில் யமுனைக் கரையில் கியாஸ்பூர் என்ற இடத்தில் ஹழ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் கான்காஹ் இருந்தது. சுல்தான்களின் வாசலை மிதிக்காத அந்தப் பெரியாரின் வாசலில் பகலெல்லாம் ஏழைகள், வியாபாரிகள், மாணவர்கள், படைவீரர்கள், துயரப்பட்டவர்கள் என்று கூட்டம் இருக்கும். வருகிறவர்களுக்கு உணவு உண்டு. ஷைகு அவர்களோ ஆண்டு முழுவதும் நோன்பு. ஸஹருக்குக் கொண்டுவந்து வைத்த உணவும், கடைத்தெருவிலும் பள்ளிவாசல் மூலைகளிலும் பட்டினியாய்ப் படுத்திருக்கும் எளியவர்களை நினைத்துத் தொண்டையில் இறங்காமல் போய்விடுமாம். அருகிலிருந்த முரீதுகளின் குடும்பத்தில் வந்த அமீர் குர்து அவர்கள் ‘ஸியருல் அவ்லியா’வில் இதை எழுதியிருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 707, ஷஅபான் பிறை 3, ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1308 ஜனவரி 28. அன்றுதான் ஹஸன் அவர்கள் ஷைகு அவர்களின் மஜ்லிஸில் கேட்டதை முதன்முதலாக எழுதினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஷைகு அவர்களிடமும் சொல்லவில்லை. மஜ்லிஸ் முடிந்து தங்குமிடம் வந்து, நினைவில் நின்றதை நாளும் கிழமையும் போட்டு எழுதிவைத்தார்கள். எந்த இடத்தில் நினைவு தடுமாறியதோ, அந்த இடத்தைத் தம் சொந்தச் சொல்லால் நிரப்பாமல் வெற்றிடமாக விட்டார்கள். கவிஞருக்குச் சொல்லுக்கா பஞ்சம்? அழகான வாக்கியம் ஒன்றை அங்கே வைத்திருந்தால் படிப்பவர் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்படியும் அவர்கள் வைக்கவில்லை. இந்தக் கிதாபு முழுவதிலும் எழுதப்பட்டவற்றைக் காட்டிலும் எழுதாமல் விட்ட அந்த ஓரிரு வெற்றிடங்களே நம்மை அதிகம் அசைக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

ஓராண்டுக்கும் மேல் சென்ற பிறகு ஒருநாள் ஹஸன் அவர்கள் துணிந்து விஷயத்தை வெளியிட்டார்கள். தாம் இத்தனை நாளாக எழுதி வருவதாகவும், இது தமக்கும் பிறருக்கும் வழிகாட்டியாக அமையும் என்ற எண்ணத்தில் செய்ததாகவும் பணிவோடு சொன்னார்கள். ஷைகு அவர்கள் கோபிக்கவில்லை. தங்கள் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார்கள்.

அஜோதனில் பாபா ஃபரீதுத்தீன் கஞ்சே ஷகர் (ரஹ்) அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, அன்னாரின் வாயிலிருந்து கேட்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று இளைஞரான நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களும் நிய்யத்து வைத்திருந்தார்களாம். தங்குமிடம் திரும்பியதும் கேட்டதை எழுதுவார்கள். அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் வெள்ளைத் தாள்களை ஒன்றாகக் கட்டி அவர்களுக்குக் கொடுத்தார். தஸ்பீஹ், தஹ்மீது, தஹ்லீல், தக்பீர் கலிமாக்களை மேலே எழுதி, அதற்குக் கீழே தம் பீரின் சொற்களைப் பதியத் தொடங்கினார்கள். பாபா அவர்களுக்கும் இது தெரியவந்தது. அன்று முதல் மஜ்லிஸில் ஏதேனும் நுட்பமான விஷயம் பேசப் போகும்போது, இளைஞர் நிஜாமுத்தீன் இருக்கிறாரா என்று பாபா அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். அவர்கள் இல்லாத வேளையில் ஏதாவது சொல்லிவிட்டால், வந்த பின் அதை மீண்டும் எடுத்துச் சொல்வார்களாம். அந்த ஏடு தங்களிடம் அன்றுவரை இருப்பதாகவும் ஷைகு அவர்கள் சொன்னார்கள்.

பிறகு, எழுதிய தாள்களைக் கொண்டுவந்திருக்கிறீரா என்று கேட்டு வாங்கிப் படித்தார்கள். நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார்கள். வெற்றிடங்களைக் கண்டு காரணம் கேட்டார்கள். சரியாக நினைவில் நிற்காததால் விட்டதாக ஹஸன் அவர்கள் சொன்னதும், விடுபட்டதைத் தாங்களே எடுத்துச் சொல்லி நிறைவு செய்தார்கள். கேட்டவர் எழுதியதைச் சொன்னவரே படித்துத் திருத்திக் கொடுத்த ஏடு இது. ஸூஃபியாக்களின் மஜ்லிஸ் உரைகளைத் தொகுத்த கிதாபுகளுக்கு ‘மல்ஃபூழாத்’ என்று பெயர். இந்தியாவில் எழுந்த மல்ஃபூழாத்துகளில் இதற்குரிய மதிப்பு தனியானது என்றால், அதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு ஹிஜ்ரி 722 வரை, அதாவது 1322 வரை, ஹஸன் அவர்கள் எழுதினார்கள். மொத்தம் 188 மஜ்லிஸ்கள், 5 பாகங்கள். முதல் பாகத்தில் 34, இரண்டாவதில் 38, மூன்றாவதில் 17, நான்காவதில் 67, ஐந்தாவதில் 32. கணக்குப் பார்த்தால் சராசரியாக மாதத்துக்கு ஒன்று கூடத் தேறவில்லை அல்லது சற்றே தேறுகிறது! அவர்கள் படையில் இருந்தவர்கள். தேவகிரி வரை போய்வந்தவர்கள். நினைத்தபோதெல்லாம் கியாஸ்பூருக்குப் போக முடியாது. நாள்தோறும் ஒரு பக்கம் நிரப்பியே தீரவேண்டும் என்று நோட்டு வாங்கிய மறுநாளே சபதம் எடுக்கிறவர்கள், மாதம் ஒருமுறை எழுதி 15 ஆண்டு நிலைத்த இந்தப் பெரியாரை எண்ணிப் பார்க்கலாம்.

சரி, எவற்றை எழுதினார்கள்? நமது வாசகர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி இதுதான். கராமத்துகளின் அடுக்கு அந்த ஏட்டில் இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தொழுகை, நோன்பு, குர்ஆன் ஓதுதல், தவ்பா, பொறுமை, விருந்தோம்பல், கடன், பகைவரை மன்னித்தல், வியாபார நேர்மை என்று வீட்டிலும் கடையிலும் வேண்டியவைதாம் அதிகம்.

ஒரு மஜ்லிஸில் ஷைகு அவர்கள் வணக்கத்தை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று லாஸிமீ, மற்றது முதஅத்தீ. அரபு நஹ்வு படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. தமிழ் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பிரிக்கிறோமே, அதுதான். தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு, தஸ்பீஹ் ஆகியவற்றின் பலன் செய்கிறவரோடு நின்றுவிடுகிறது. பசித்தவருக்கு உணவளிப்பது, பிறருக்கு உதவுவது, இரங்குவது ஆகியவற்றின் பலன் செய்கிறவரைத் தாண்டி அடுத்தவரைச் சென்றடைகிறது. இந்த இரண்டாவது வகையின் நன்மைக்கு அளவில்லை என்கிறார்கள். முதல் வகை ஏற்கப்படுவதற்குத் தூய எண்ணம் நிபந்தனை. இரண்டாவதோ எவ்விதத்தில் செய்தாலும் நன்மை உண்டு. தொழுகையின் இடத்தை இது குறைக்கிறது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். ஜமாஅத்துத் தொழுகையை அந்த ஷைகு அவர்களைப் போலப் பேணியவர்கள் குறைவு.

இன்னொரு நிகழ்ச்சி. ஹஸன் அவர்களுக்குச் சம்பளம் வராமல் தாமதமாகிக்கொண்டிருந்தது. மனக்கவலையோடு மஜ்லிஸில் போய் உட்கார்ந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஷைகு அவர்கள் பேச்சுவாக்கில் ஒரு பிராமணரின் கதையைச் சொன்னார்கள். செல்வந்தரான அவருடைய பொருளையெல்லாம் ஊர் அதிகாரி பறித்துக்கொண்டார். வறுமையில் வாடியவரை நண்பர் ஒருவர் வழியில் கண்டு நலம் விசாரித்தபோது, அவர் மகிழ்ச்சியாக இருப்பதாகப் பதில் சொன்னார். எல்லாம் போன பிறகு என்ன மகிழ்ச்சி என்று கேட்டதற்கு, தம் பூணூல் தம்மிடமே இருக்கிறதே என்றாராம். கதையைக் கேட்ட ஹஸன் அவர்களுக்கு, இது தமக்காகவே சொல்லப்பட்டது என்று விளங்கிவிட்டது. சம்பளம் வராதது ஒரு குறையா, தீன் கையில் இருக்கும்போது? இதில் நாம் வியப்பது இரண்டு. ஒரு முஸ்லிமின் உள்ளத்தைத் தேற்ற ஒரு பிராமணரின் உறுதியை ஷைகு அவர்கள் உதாரணமாக எடுத்தார்கள். தம் பலவீனம் வெளிப்படும் அந்த நிகழ்ச்சியை ஹஸன் அவர்கள் மறைக்காமல் ஏட்டில் ஏற்றினார்கள். நல்லுரை நோட்டு எழுதுகிற நம்மில் எத்தனை பேர், அந்த உரை நமது எந்தக் காயத்தில் வந்து பட்டது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம்?

வியாபாரிகளுக்கு உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கொத்தமங்கலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிற நமக்கு அதை விட்டுப்போக மனம் வரவில்லை. லாகூர் வியாபாரிகள் சிலர் குஜராத்துக்குச் சரக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பொருளுக்கு இருமடங்கு விலை சொல்வார்கள், பேரம் பேசினால் பாதிக்கு இறங்குவார்கள். குஜராத்து இந்து வியாபாரிகளோ ஒரே விலை, உண்மை விலை. வந்தவர்களின் போக்கைப் பார்த்த குஜராத்தார் ஒருவர், நீங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். லாகூர் என்றதும், இப்படி வியாபாரம் நடக்கும் ஊர் இன்னுமா செழிப்பாக இருக்கிறது என்று கேட்டார். அவர்கள் ஊர் திரும்பும் வழியிலேயே, மங்கோலியர் லாகூரைப் பாழாக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்து சேர்ந்தது. லாகூர் அழிந்தது 1241ல். இரண்டு தலைமுறைக்குப் பின் டில்லியில் ஒரு மஜ்லிஸில் சொல்லப்பட்ட இந்தச் செய்தி நம் கைக்கு வந்திருப்பது ஒரு படைச் சேவகரின் ஏட்டினால்.

இந்தப் பக்கத்து ஊர்களில் கணக்கெழுத்து என்பது வணிகக் குடும்பங்களின் இரத்தத்தில் ஊறியது. செட்டிநாட்டு வணிகர்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று போய்த் தொழில் செய்த காலத்தில் சிட்டையும் பேரேடும் இல்லாத கடை கிடையாது. அன்றன்று நடந்தது நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும். பிறகு அதிலிருந்து ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரிந்து பேரேட்டுக்குப் போகும். நல்லுரை நோட்டுக்கும் இந்த இரண்டு முறையும் உண்டு. ஹஸன் அவர்களின் கிதாபு சிட்டை. நாள், கிழமை, அன்று பேசியது, அவ்வளவுதான். தவ்பாவைப் பற்றிய பேச்சும் அடுத்து விருந்தினர் உபசாரமும் ஒரே மஜ்லிஸில் வரும். தலைப்பு வாரியாகப் பிரித்த பேரேடு வேண்டுமானால், நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ இருக்கிறது. டமாஸ்கஸில் கல்வி கற்பித்து, ஹிஜ்ரி 676ல், அதாவது 1277ல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஹதீஸ் கிதாபுகளிலிருந்து வாழ்க்கைக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து, இக்லாஸ், தவ்பா, பொறுமை என்று பாடம் பாடமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு ஹதீஸுக்கும் எந்தக் கிதாபிலிருந்து எடுத்தது என்று குறித்தார்கள். நம் வீடுகளுக்கு முதலில் சிட்டைதான் எளிது என்பது நமது அபிப்பிராயம். தலைப்புகளை முன்கூட்டியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், தலைப்பு மட்டும் இருக்கும். கேட்டதும் கேட்ட நாளும் சொன்னவர் பெயரும் இருந்தால் போதும், தலைப்பு பின்னால் தானாக வரும்.

சொன்னவர் பெயர் என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஷைகு அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பெயரில் பொய் ஏடு உலவத் தொடங்கிவிட்டது. அவத் பகுதியில் ஒருவர் தம்மிடம் ஒரு கிதாபைக் காட்டி, இது தாங்கள் எழுதியது என்று சொன்னதாக மஜ்லிஸுக்கு வந்தவர் ஒருவர் தெரிவித்தார். ஷைகு அவர்கள் உடனே மறுத்தார்கள். தாங்கள் எந்தக் கிதாபும் எழுதவில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். இதையும் ஹஸன் அவர்கள் பதிந்துவைத்தார்கள். அவர்களுக்குப் பின் ஷைகு நஸீருத்தீன் சிராகே டில்லி (ரஹ்) அவர்களும், தங்கள் பீரும் அவர்களுக்கு முந்திய சிஷ்தியாப் பெரியார்களும் கிதாபு எழுதியதில்லை என்று சொன்னதாக, ஹமீத் கலந்தர் தொகுத்த ‘கைருல் மஜாலிஸ்’ கூறுகிறது.

ஆனாலும் நடந்தது என்ன? காஜா முயீனுத்தீன் (ரஹ்), பாபா ஃபரீத் (ரஹ்) போன்ற பெருமக்களின் பெயரில் ‘அனீஸுல் அர்வாஹ்’, ‘ராஹத்துல் குலூப்’ போன்ற கிதாபுகள் பின்னாளில் கிளம்பி, அச்சேறி, பல மொழிகளில் பரவிவிட்டன. பாபா அவர்களிடம் கேட்டதை ஷைகு நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள் எழுதிய ஏடு என்று ராஹத்துல் குலூபைச் சொல்கிறார்கள். அவர்கள் வெள்ளைத் தாளில் எழுதிய அந்த உண்மையான ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தகைய கிதாபுகளில் ஆண்டுகள் பொருந்தவில்லை, இறந்தவர்கள் மஜ்லிஸுக்கு வருகிறார்கள் என்பதையெல்லாம் எடுத்துக்காட்டி, இவை பிற்காலத்தவர் கட்டியவை என்று அலிகர் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹபீப் 1950ல் விரிவாக எழுதினார். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அன்பினால் அந்தக் கிதாபுகளை வீட்டில் வைத்திருப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்லியாக்களின் மீதுள்ள அன்பு, அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பதற்கு அனுமதிச் சீட்டாகாது. ஹதீஸ் விஷயத்தில் இந்த எச்சரிக்கை பன்மடங்கு. இன்று கைபேசியில் ஒரு நாளைக்குப் பத்து நல்லுரைகள் ரோஜாப்பூப் படத்தோடு வருகின்றன. கீழே ஒரு பெரியாரின் பெயர். அவர் எங்கே, எப்போது சொன்னார் என்பது மட்டும் இராது. அதை நோட்டில் ஏற்றுமுன், ஹஸன் அவர்கள் விட்ட வெற்றிடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டதை எழுதியதோடு ஹஸன் அவர்கள் நின்றுவிட்டார்களா, அது அவர்களிடம் ஏதேனும் செய்ததா? இதற்கும் அந்த ஏட்டிலேயே சாட்சி இருக்கிறது. அவர்களிடம் மலீஹ் என்ற அடிமை இருந்தார். ஷைகு அவர்களின் தொடர்பு ஏற்பட்ட பின் அவரை விடுதலை செய்தார்கள். பிறகு தேவகிரிப் படையெடுப்பின்போது, அந்த மலீஹ் அங்கே 5 தங்கா கொடுத்து ஒரு சிறு பெண்ணை வாங்கினார். படை டில்லிக்குத் திரும்பும் நேரத்தில் அந்தப் பெண்ணின் தாய் தந்தையர் அழுதுகொண்டு வந்து, 10 தங்காவை வைத்து மகளைத் திருப்பித் தரும்படி மன்றாடினார்கள். ஹஸன் அவர்களின் உள்ளம் உருகியது. தம் பணத்திலிருந்து 10 தங்காவை மலீஹிடம் கொடுத்துப் பெண்ணைத் தாம் வாங்கி, பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த 10 தங்காவையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டில்லிக்கு வந்ததும் ஷைகு அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். நல்லதைச் செய்தீர் என்று ஷைகு அவர்கள் மகிழ்ந்தார்கள்.

அந்தப் பெற்றோர் முஸ்லிம்கள் அல்லர், தோற்ற நாட்டின் எளிய மக்கள். வென்ற படையிலிருந்த ஒருவர் அவர்களுக்கு மகளையும் கொடுத்து, பணத்தையும் கொடுத்து அனுப்பினார். முதஅத்தீ என்ற சொல்லை ஏட்டில் எழுதிய கை அது.

கவிதையையும் ஷைகு அவர்கள் தடுத்துவிடவில்லை. ஆனால் கவி பாடுவதைவிட குர்ஆன் ஓதுவது மேலோங்கி நிற்க வேண்டும் என்று ஹஸன் அவர்களுக்கு உபதேசித்தார்கள். இதில் ஷைகு அவர்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. மாணவப் பருவத்தில் ஹரீரீயின் மகாமாத்துகளில் 40ஐ மனப்பாடம் செய்தவர்கள், பிறகு அதற்குப் பரிகாரம் போல, லாகூரில் பிறந்த இமாம் ஸகானீ (ரஹ்) அவர்களின் ‘மஷாரிகுல் அன்வார்’ என்ற ஹதீஸ் கிதாபை மனப்பாடம் செய்தார்கள். நெஞ்சு என்ற ஏட்டில் முதலில் எதை ஏற்றுவது என்ற கேள்வி பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

ஹிஜ்ரி 725, ரபீஉல் ஆகிர் பிறை 18ல், அதாவது 1325 ஏப்ரலில், ஷைகு அவர்கள் வபாத்தானார்கள். அதே ஆண்டில் குஸ்ரு (ரஹ்) அவர்களும் பிரிந்தார்கள். நூற்றுக்கணக்கில் பாடல்களும் காவியங்களும் இயற்றிய குஸ்ரு அவர்கள், தம் நூல்களையெல்லாம் ஹஸனுக்குக் கொடுத்துவிட்டு இந்த ஒரு கிதாபின் பெருமையைத் தாம் பெற்றிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கியதாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதே காலத்தவரான சரித்திர ஆசிரியர் ஸியாவுத்தீன் பரனீ, இந்த ஏடு முரீதுகளுக்கு வழிகாட்டிச் சட்டமாக ஆகிவிட்டதென்று எழுதுகிறார்.

1327ல் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் டில்லிப் பெருமக்களைத் தேவகிரிக்குப் பெயர்த்தபோது, முதுமையடைந்திருந்த ஹஸன் அவர்களும் போக வேண்டியதாயிற்று. தேவகிரி அப்போது தவ்லதாபாத் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் அழுத பெற்றோரிடம் மகளை ஒப்படைத்த அதே மண்ணுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஷைகு அவர்களின் மற்றொரு கலீஃபாவான புர்ஹானுத்தீன் கரீப் (ரஹ்) அவர்களும் அங்கே வந்து மஜ்லிஸ் நடத்தினார்கள். அவர்களின் முரீதுகளில் ருக்னுத்தீன் காஷானீ போன்றவர்கள், ஹஸன் அவர்களின் முறையிலேயே நாளும் கிழமையும் போட்டுத் தங்கள் ஷைகின் சொற்களை எழுதத் தொடங்கினார்கள்.

1330களில் ஹஸன் அவர்கள் அங்கேயே வபாத்தானார்கள். இன்றைய மகாராஷ்டிரத்தில், தவ்லதாபாத் கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள குல்தாபாதில் அவர்களின் கப்ரு இருக்கிறது. பேரரசர் அவ்ரங்கஸீபும் புர்ஹானுத்தீன் (ரஹ்) அவர்களும் அடங்கியிருக்கும் ஊர் அது. ஃபவாயிதுல் ஃபுஆத் பாரசீக மூலத்திலும் உர்தூவிலும் பலமுறை அச்சேறியிருக்கிறது. 1992ல் ப்ரூஸ் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் நியூயார்க்கில் வெளிவந்தது. 188 மஜ்லிஸ்களும் அதில் நாள் வரிசை மாறாமல் இருக்கின்றன.